வியாதிக்குப் பெயர் வைத்தவர்கள்

அரசாங்க உத்தியோகத்தில் இருந்த முப்பத்தேழு வருடத்தில் பதினோரு வருடம் மருத்துவச் செலவு பில் பார்க்கிற மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஊழியர்கள் ஆஸ்பத்திரியில் கட்டிய பணத்தை அரசாங்கத்திடமிருந்து திரும்பப் பெறுவதற்கான பில் அது. ஒவ்வொரு பில்லோடும் டாக்டர் கையெழுத்திட்ட எசென்ஷியாலிட்டி சர்ட்டிபிகேட் ஒன்று இருக்கும். அதில் வியாதியின் பெயரை எழுத ஒரு கோடு. அந்தக் கோட்டில் எழுதியிருப்பது பில் கொண்டுவந்தவருக்கும் புரியாது, பில் பாஸ் செய்கிற மேலதிகாரிக்கும் புரியாது. எனக்கு மட்டும் பாதி புரியும். காரணம் என் புத்திசாலித்தனம் இல்லை. நான் படித்தது பிரெஞ்சு பள்ளிக்கூடம்.

1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை விட்டுக்கொடுத்தபோது எனக்கு ஐந்து வயது. ஆட்சி போனாலும் பள்ளிக்கூடம் போகவில்லை. பிரவே பரீட்சை வரைக்கும் எனக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். லத்தீனும் கிரேக்கமும் பிரெஞ்சில் வீட்டுச் சொற்களாகவே புழங்குகின்றன. ஒரு உதாரணம். பிரெஞ்சு எழுத்து பழகும் பிள்ளை முதல் வகுப்பிலேயே 'அக்சான் தெகு' என்று ஒரு குறியைக் கற்றுக்கொள்ளும். எழுத்தின் தலையில் சாய்வாகப் போடுகிற சின்னக் கோடு. 'எகு' என்றால் கூர்மையானது. ஆங்கில டாக்டர் எழுதுகிற 'அக்யூட்' என்பதும் அதே லத்தீன் சொல்தான். சட்டென்று குத்தி வருவது, கொஞ்ச நாளில் ஒரு முடிவுக்கு வந்துவிடுவது என்று பொருள். 'குரோனிக்' என்பது கிரேக்கத்தில் காலம் என்ற சொல்லிலிருந்து வந்தது. நாளாகிவிட்டது, இன்னும் நாளாகும். அவ்வளவே.

ஆனால் நம் ஊரில் இந்த இரண்டு சொல்லும் எப்படிக் காதில் விழுகின்றன? 'குரோனிக்காம்' என்று சொன்னாலே வீட்டில் ஒப்பாரிக்குத் தயாராகிவிடுகிறார்கள். என் மேசைக்கு எதிரில் நின்ற எத்தனையோ பேர், குரோனிக் என்றால் கடைசிக் கட்டம் என்று நினைத்திருந்தார்கள். சாதாரண சைனஸ் தொல்லையைக்கூட டாக்டர் குரோனிக் என்று எழுதுவார். அது ஆளைக் கொல்லாது, விடவும் விடாது. அக்யூட்டை நம் பத்திரிகைக்காரர்கள் 'தீவிர' என்றும் 'கடுமையான' என்றும் மொழிபெயர்க்கிறார்கள். இது எனக்குச் சம்மதம் இல்லை. கடுமை என்பது அளவு, அக்யூட் என்பது வேகம். 'திடீர்' என்று போட்டால் வேலை முடிந்தது. நாள்பட்டது, திடீரென்று வந்தது என்று இரண்டு தமிழ்ச் சொல் போதும், பாட்டிக்கும் புரியும்.

பெயர்களைத் தோண்ட ஆரம்பித்தால் இன்னொரு வேடிக்கை தெரியும். பெரிய பெயர்களில் பாதி தப்பான பெயர்கள்.

ஆர்ட்டரி என்கிறோமே, இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகிற குழாய். பழைய கிரேக்கர்கள் அதில் ஓடுவது காற்று என்று நினைத்தார்கள். செத்த உடம்பை அறுத்துப் பார்த்தால் அந்தக் குழாய்கள் காலியாக இருக்கும், இரத்தமெல்லாம் மற்றக் குழாய்களில் தங்கியிருக்கும். அதனால் மூச்சுக்குழலுக்கு வைத்த அதே பெயரை இதற்கும் வைத்துவிட்டார்கள். உள்ளே இருப்பது இரத்தம்தான் என்று பிறகு காலென் செய்து காட்டினார். காட்டி என்ன, பெயர் மாறவில்லை. பிரெஞ்சில் இன்னமும் மூச்சுக்குழலுக்கு 'திராஷே ஆர்த்தேர்' என்று ஒரு பெயர் உண்டு. சொரசொரப்பான ஆர்ட்டரி என்று அர்த்தம். பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது, மூச்சுக்குழலுக்கு எதற்கு இரத்தக்குழாயின் பெயர் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் பிரம்பால் பதில் வந்திருக்கும். நம் பாடப்புத்தகத்தில் இருக்கிற 'தமனி' மட்டும் என்ன? அது சமஸ்கிருதத்தில் ஊதுதல் என்ற வேரிலிருந்து வந்தது. அங்கேயும் காற்றுதான்.

காட்டராக்ட் என்றால் மேலிருந்து விழுவது, அருவி. தலைக்குள்ளிருந்து ஏதோ ஒரு நீர் கீழே வடிந்து கண்மணிக்குப் பின்னால் திரையாகத் தங்குகிறது என்று நூற்றாண்டுக் கணக்கில் நம்பினார்கள். பிரிசோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1705-ல் வடிகிற நீர் எதுவும் இல்லை, கண்ணின் லென்ஸே மங்கிப்போவதுதான் இந்த வியாதி என்று காட்டினார். இன்னொரு பிரெஞ்சுக்காரர் தாவியேல், அந்த லென்ஸை வெளியே எடுக்கிற அறுவையை 1747-ல் செய்தார். இன்று எனக்கு இரண்டு கண்ணிலும் அந்த அறுவை ஆகிவிட்டது. அருவி மட்டும் பெயரில் இன்னும் விழுந்துகொண்டே இருக்கிறது. தமிழில் நாம் 'கண்புரை' என்கிறோம். பால் மேல் ஆடை படிவது மாதிரி என்று கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம். எங்கிருந்து வந்தது என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான கதை ஆக்சிஜனுடையது. லவுவாசியே என்ற மகா மேதை வைத்த பெயர் அது. 1787-ல் அவரும் கீத்தோன் த மொர்வோ, பெர்த்தொல்லே, ஃபூர்க்குருவா என்ற மூவரும் சேர்ந்து வேதியியல் பெயர்களை ஒழுங்குபடுத்தி ஒரு புத்தகமே போட்டார்கள். அதற்கு முன் ஆளுக்கு ஒரு பெயர், ஊருக்கு ஒரு பெயர் என்றிருந்த ரசவாதக் குப்பையைக் கூட்டித் தள்ளினார்கள். பொருளின் பெயரைக் கேட்டாலே அது எதனால் ஆனது என்று தெரிய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அருமையான கொள்கை. ஆனால் ஆக்சிஜன் என்றால் கிரேக்கத்தில் புளிப்பை உண்டாக்குவது. எல்லா அமிலத்திலும் இந்த வாயு இருக்கும் என்று லவுவாசியே நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது துளிகூட இல்லை என்று 1810 வாக்கில் இங்கிலாந்தில் டேவி காட்டினார். அதைக் கேட்க லவுவாசியே உயிரோடு இல்லை. 1794 மே மாதத்திலேயே புரட்சிக்காரர்கள் கில்லெட்டினில் அவர் தலையை எடுத்துவிட்டார்கள். காற்றின் இன்னொரு பங்குக்கு அவர் வைத்த பெயர் 'ஆஸோத்', அதாவது உயிரற்றது. அதில் எலியை அடைத்தால் செத்துவிடும் என்பதால் அந்தப் பெயர். பிறகு பார்த்தால், செடிக்கும் உயிர், நமக்கும் சதை, எல்லாம் அதனால்தான். வயலுக்கு யூரியா மூட்டை போடுவதும் அதற்காகத்தான். சாப்தால் என்பவர் 1790-ல் நைட்ரஜன் என்று வேறு பெயர் சொன்னார், உலகம் அதை எடுத்துக்கொண்டது. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் பிடிவாதமாக இன்றைக்கும் ஆஸோத் என்றே சொல்கிறார்கள். எங்கள் வகுப்பிலும் ஆஸோத்தான். அலுவலகத்தில் சேர்ந்த பிறகுதான் நைட்ரஜன் என்று வாயில் வந்தது.

தமிழில் ஆக்சிஜனுக்கு 'உயிர்வளி' என்று யாரோ வைத்தார்கள். மூலச் சொல்லை அப்படியே பெயர்த்திருந்தால் 'புளியாக்கி' என்று வைத்திருக்க வேண்டும். வைத்தவர் யாரானாலும் அவருக்கு ஒரு கும்பிடு. சொல்லைப் பெயர்க்காமல் பொருளைப் பார்த்து வைத்தார்.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். ஐரோப்பியர்கள் பெயரிலேயே காரணத்தைச் சொல்லப் போய்ப் பல இடங்களில் மாட்டிக்கொண்டார்கள். நம் வீட்டுப் பெயர்கள் பெரும்பாலும் கண்டதைச் சொல்லும். மலேரியா என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. பிரெஞ்சில் 'பலுதிஸ்ம்', சதுப்பு நிலத்து வியாதி. காற்றும் காரணம் இல்லை, சேறும் காரணம் இல்லை. 1880-ல் லவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் அல்ஜீரியாவில் நோயாளியின் இரத்தத்தில் கிருமியைப் பார்த்தார். 1897-ல் செகந்தராபாதில் ரொனால்ட் ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் பார்த்தார். நம் பாட்டிமார் சொன்னது 'முறைக்காய்ச்சல்', 'குளிர்காய்ச்சல்'. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்து வருகிறது, குளிருகிறது. லவெரான் வந்தாலும் ராஸ் வந்தாலும் அந்தப் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டியதில்லை. நீரிழிவும் அப்படியே. டயபடீஸ் என்பது கிரேக்கத்தில் ஊடே கடந்து ஓடுவது, நீரிழிவு என்றாலும் அதேதான். இரண்டு ஊரிலும் ஒரே காட்சியைப் பார்த்திருக்கிறார்கள். சதைக்கு லத்தீன்காரன் வைத்த 'மஸ்குலுஸ்' என்றால் சுண்டெலி. தோலுக்கு அடியில் எலி ஓடுவது மாதிரி அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கு மீன் தெரிந்தது, கெண்டைக்கால் என்றோம். கெண்டை மீனைக் கையில் பிடித்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

உடனே நம் முன்னோர்கள் எல்லாம் அறிந்தவர்கள் என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. பக்கவாதத்தில் இருக்கிற வாதம் காற்றுதான், கிரேக்கனின் ஆர்ட்டரி மாதிரி. 'அம்மை' என்ற பெயர் செய்த கெடுதல் கொஞ்சமல்ல. வியாதிக்கு ஆத்தாளின் பெயரை வைத்த பிறகு, வைத்தியரிடம் காட்டுவதே தெய்வக்குற்றம் ஆகிவிட்டது. அம்மை குத்த வருகிறவர்களைக் கண்டு பிள்ளைகளை ஒளித்து வைத்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று 1980-ல் அறிவித்தார்கள். அதை ஒழித்த வாக்சினுக்கு லத்தீனில் பசு மாட்டின் பெயர். ஜென்னர் 1796-ல் மாட்டம்மைப் பாலைக் கொண்டு ஆரம்பித்தது அது. பாஸ்டர் பிற்பாடு, ஜென்னருக்கு மரியாதை செய்யும் விதமாக, எல்லாத் தடுப்பு மருந்துக்கும் அதே பெயர் இருக்கட்டும் என்றார்.

தப்பான பெயரால் பெரிய நஷ்டம் இல்லை. ஆர்ட்டரியில் காற்று ஓடுகிறது என்று இன்று எந்த டாக்டரும் ஊசி போடுவதில்லை. எனக்குக் கோபம் வருவது வேறு வகைப் பெயர்கள் மேல். ஒன்றும் சொல்லாமல் எல்லாம் சொன்ன மாதிரி நிற்கிற பெயர்கள்.

'இடியோபதிக்' என்று எழுதுவார்கள். கிரேக்கத்தில் தானாகவே வந்த நோய். நேரான தமிழில், காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதில் என்ன குறைச்சல்? 'ஐயட்ரோஜெனிக்' என்று ஒன்று உண்டு. வைத்தியரால் உண்டானது என்று பொருள். ஒரு பில்லில் இந்தச் சொல்லைப் பார்த்து, கொண்டுவந்த ஊழியரிடம் பொருளைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் தவித்தது தனிக்கதை. மொலியேர் 1673-ல் எழுதிய கடைசி நாடகத்தில் இதை வைத்துத்தான் நையாண்டி செய்தார். பட்டம் வாங்க வந்த மாணவன், அபின் தூக்கம் தருவதற்குக் காரணம் அதிலுள்ள தூக்கம் தரும் சக்தி என்று அரைகுறை லத்தீனில் சொல்வான், பரீட்சகர்கள் கைதட்டுவார்கள். முந்நூற்றைம்பது வருடம் ஆகிவிட்டது, கைதட்டல் ஓயவில்லை.

'எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்' இந்த ஜாதியில் மோசமானது. இங்கே எசென்ஷியல் என்றால் வேறு ஒரு வியாதியால் வராமல் தன் இயல்பிலேயே வந்த இரத்த அழுத்தம் என்று பொருள். சாதாரணமாக எசென்ஷியல் என்றால் அத்தியாவசியம். என் மேசைக்கு வந்த ஒரு டிரைவர், 'பிரஷர் எசென்ஷியல்னு போட்டிருக்கே சார், அப்ப மாத்திரை எதுக்கு?' என்று கேட்டார். சிரிக்காதீர்கள். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பெரிய பெரிய டாக்டர்களே, வயதானால் அழுத்தம் கூடுவது உடம்புக்குத் தேவை, அதைக் குறைப்பதுதான் ஆபத்து என்று எழுதியிருக்கிறார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் மூளையில் இரத்தக்குழாய் வெடித்து இறந்தார். வருடக்கணக்காக அவர் அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு நல்ல மருந்தும் கிடையாது என்பது உண்மைதான். பிரெஞ்சில் இந்த வியாதியைச் சாதாரணமாக 'தான்சியோன்' என்பார்கள். பாரீஸிலிருந்து லீவில் வந்த என் சித்தப்பா உள்ளூர் டாக்டரிடம் போய், 'எனக்கு டென்ஷன் இருக்கு' என்றார். டாக்டர், 'எதுக்கு டென்ஷன் ஆகிறீங்க, பெரியவரே? ரிலாக்ஸா இருங்க' என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார். அழுத்தம் பார்க்கிற கருவி மேசை மேலேயே இருந்ததாம்.

இது சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

எங்கள் பிரிவில் என்னோடு வேலை பார்த்த நண்பர். அவர் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வாங்கப் போன இடத்தில் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, 'பாசிட்டிவ்னு வந்திருக்கு. டாக்டர் ஊர்ல இல்லை, வந்ததும் காட்டுங்க' என்று சொல்லியிருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் பாசிட்டிவ் என்றால் மேலிடத்திலிருந்து சாதகமான பதில். மனிதர் நேராக மிட்டாய்க் கடைக்குப் போய் லட்டு வாங்கிக்கொண்டு அலுவலகம் வந்தார். 'ரிப்போர்ட் பாசிட்டிவ் சார்' என்று ஒவ்வொரு மேசைக்கும் கொடுத்தார். அன்று நான் ஒரு துக்கத்துக்காகக் காரைக்கால் போயிருந்தேன். டாக்டர் பத்து நாளில் திரும்பிவிட்டார். ஆனால் நல்ல சேதிதானே, அவசரம் என்ன என்று இவர்கள் போகவில்லை. மாத்திரை தீர்ந்துபோன பிறகு, ஒன்றரை மாதம் கழித்துப் போனார்கள். தேடியது இருக்கிறது என்பதுதான் அந்தப் பாசிட்டிவ். பிறகு அறுவை, கதிர் எல்லாம் ஆயிற்று. அந்த அம்மாள் மூன்று வருடம் இருந்தார்கள். ஒன்றரை மாதம் முன்னால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, நண்பரும் என்னிடம் கேட்டதில்லை. லட்டைப் பற்றி அவர் ஒருமுறை பேசினார். அதை இங்கே எழுத மாட்டேன்.

'இருக்கிறது' என்று ஒரு சொல் போதுமாயிருந்தது.

இதைச் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் அடிக்க வருகிறார்கள். ஒரு பக்கம், எல்லாம் இங்கிலீஷிலேயே இருக்கட்டும், சுகர், பிரஷர், கேன்சர் என்று ஜனங்களே பேசுகிறார்களே என்பவர்கள். பேசுகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். சுகர் என்று சொல்கிறவருக்கு இனிப்பு ஆகாது என்று தெரியும், சொல் தன் வேலையைச் செய்துவிட்டது. அதை மாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிரோசிஸ்? லென்னெக் 1819-ல் வைத்த பெயர் அது, அறுத்த ஈரலின் பழுப்பு மஞ்சள் நிறத்தைப் பார்த்து வைத்தது. கிரேக்கத்தில் நிறத்தைத் தவிர அதில் வேறு பொருளே இல்லை. நெஞ்சில் வைத்துக் கேட்கிற ஸ்டெதஸ்கோப்பை 1816-ல் கண்டுபிடித்த அதே லென்னெக்தான். எங்கள் ஊரில் இந்த வியாதிக்குக் காரணம் தெருவுக்குத் தெரு விற்கிறது. பில் கொண்டுவருகிறவர் சிரோசிஸ் என்பதை ஏதோ கிருமி என்று நினைத்துக்கொண்டு, மாலையில் வழக்கமான கடைக்குப் போவார். 'ஈரல் வெந்து தழும்பாகிவிட்டது, இனி ஒரு சொட்டும் கூடாது' என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு பக்கம் தனித்தமிழ் நண்பர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நாலு உறுப்பு ஒட்டிய ஒரு தொடரை உருவாக்குகிறார்கள். அகராதியில் பார்க்க அழகாயிருக்கும். கிரேக்கம் புரியாதவனுக்குச் சங்கத்தமிழ் மட்டும் புரிந்துவிடுமா? மாரடைப்பு, யானைக்கால், தடுப்பூசி என்கிற சொற்கள் நின்றதற்குக் காரணம், கேட்டவுடனே எங்கே என்ன நடக்கிறது என்று தெரிவதுதான். அந்தப் பரீட்சையில் தேறாத சொல் எந்த மொழியில் இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

முடியாத காரியமும் இல்லை. அமெரிக்காவிலிருந்து சாமுவேல் கிரீன் என்ற மருத்துவர் 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொண்டு, உடற்கூறு, அறுவை, வேதியியல் என்று புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்து, உள்ளூர் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்றுக்கொடுத்தார். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரரால் முடிந்தது. நான் டாக்டர்களைப் புத்தகம் எழுதச் சொல்லவில்லை.

குமாஸ்தா புத்தி எனக்கு, படிவத்தில்தான் தீர்வு தேடும். டிஸ்சார்ஜ் சம்மரியில் டயக்னோசிஸ் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு கட்டம் போடுங்கள். 'நோயாளிக்குச் சொன்னது' என்று தலைப்பு. தமிழில் இரண்டு வரி: எங்கே, என்ன, அடுத்து எப்போது வர வேண்டும். டாக்டருக்கு நேரம் இல்லை என்றால் நர்ஸ் எழுதட்டும், டாக்டர் சுருக்கொப்பம் வைக்கட்டும். சோதனைச்சாலை ரிப்போர்ட்டில் பாசிட்டிவ், நெகடிவ் என்று அச்சடித்திருக்கும் இடத்தில் பக்கத்திலேயே 'இருக்கிறது', 'இல்லை' என்று சேர்த்து அச்சடிக்கலாம். இதற்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை. ஒரு துறைச் சுற்றறிக்கை போதும். எத்தனையோ சுற்றறிக்கைகளை நான் சைக்ளோஸ்டைல் எடுத்து அனுப்பியிருக்கிறேன், பெரும்பாலானவை மின்விசிறியை அணைப்பது பற்றியவை.